கைகாட்டியும் விளக்கும்

சரித்திரம் என்றால் மன்னர்களின் முடிசூட்டு விழாவும், போர்க்களமும், உடன்படிக்கையுமே என்று நம்மவரில் பெரும்பாலோர் எண்ணிவருகின்றனர். ஒரு நாட்டின் சாமானிய ஜனங்கள் இருட்டிய பிறகு எவ்வாறு வழி கண்டு வீடு சேர்ந்தார்கள் என்பது சரித்திரமாகாதோ? நாம் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற காலத்தில், ரோமாபுரியார் தம் சாலைகளில் நாட்டிய மைற்கற்களைப் பற்றி மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் சாலையில் நிற்கும் பலகைகளை யார் நாட்டினார்கள், அவை இரவில் எவ்வாறு ஒளிர்கின்றன, யாருக்காக ஒளிர்கின்றன என்பதை எந்த ஆசிரியரும் சொல்லித் தந்தாரில்லை. தோட்டத்துக் கிராணி வேலைக்கு வந்து, லாரிகள் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதத் தொடங்கிய பின்னரே நமக்கு இவ்விஷயத்தில் சிந்தை சென்றது.

'கைகாட்டி' என்று நம் மொழியில் ஓர் அழகிய சொல் உண்டு. நாற்சந்தியில் நின்று ஊர்ப் பெயரையும் திசையையும் காட்டும் மரத்துக்கும் அதுவே பெயர். புகைவண்டிப் பாதையில் கரத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் வண்டிக்கு உத்தரவு தரும் கம்பத்துக்கும் அதுவே பெயர். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோர், தாம் அறியாமலே ஒரு சரித்திர உண்மையைச் சொல்லிவிட்டனர். ஏனெனில் இன்று சாலைகளில் நாம் காணும் விளக்குக் குறிகள் புகைவண்டிப் பாதையிலிருந்து இறங்கி வந்தவையே.

அதற்கும் முந்தியது கடல் விளக்கு. 'கலங்கரை விளக்கம்' என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. கப்பலோட்டிக்கு இரவில் கரையைக் காட்டும் தீயை நம்மவர் நன்கறிந்திருந்தனர். கிள்ளான் பக்கத்துக்கும் வெளிச்சத்தால் ஆன முதற் பெருங்குறி கடலிலேதான் தோன்றிற்று. மலாக்கா நீரிணையில், சிலாங்கூர்க் கரைக்கு அப்பால், ஒரு பாகம் ஆழமே உள்ள மணற்றிட்டு ஒன்று உண்டு. மலாய்க்காரர் அதனை 'பெர்மாத்தாங் செடெப்பா' என்பர். அங்கே 1874-ஆம் ஆண்டில் ஒரு விளக்கு நிறுவப்பட்டது. பிறகு 1907-இல் கான்கிரீட் கோபுரம் எழுந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன்மார்க்கு இக்கடலில் வழி காட்டியவை இத்தகைய விளக்குகள்தாம். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிக் கிடந்த அவர்களில் எத்தனை பேர் அவற்றைக் கண்ணால் கண்டிருப்பர் என்பது வேறு விஷயம்.

இனி நிலத்துக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் அக்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிலாங்கூரின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் முடிந்து வண்டி கிள்ளான் நகருக்குள் புகுந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர். இப்பாதையை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. 1881-ஆம் ஆண்டுத் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்தபின், செங்கல்லால் வீடு கட்டவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அச்செங்கல்லை அறுத்த களமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது புகைவண்டித் தொழிலாளரின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டனர், கட்டை சுமந்தனர், கரி தள்ளினர். நாற்காலி ஒருவர்க்கு, மண்வெட்டி மற்றொருவர்க்கு என்று பிரித்தது வெள்ளைக்காரனுக்குச் சௌகரியமாக இருந்தது. அப்பிரிவினையைப் பெருமையாகப் பேசித் திரிந்த நம்மவரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

புகைவண்டிக் கைகாட்டியின் கரம் பகலில்தான் கண்ணுக்குத் தெரியும். இரவில் அக்கரத்தோடு சேர்ந்து அசையும் நிறக் கண்ணாடிக்குப் பின்னே ஓர் எண்ணெய் விளக்கு எரியும். கரம் மேலே நின்றால் ஒரு நிறம், தாழ்ந்தால் மற்றொரு நிறம். அந்த விளக்கின் திரியைக் கத்தரித்து, கண்ணாடியைத் துடைத்து, எண்ணெய் வார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். மழையிலும் காற்றிலும் ஏணி மீதேறி அவர்கள் செய்த வேலை ஒருநாள் தவறினால், நூறு பேர் ஏறிய வண்டி இருளில் மோதும்.

நிறங்களின் கதை இன்னும் சுவையானது. சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் செல் என்பது உலகம் தோன்றிய நாள்தொட்டு வந்த ஏற்பாடு போல நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. பழைய ஆங்கிலப் புகைவண்டிப் பாதைகளில் சிவப்பு ஆபத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெள்ளை 'பாதை திறந்திருக்கிறது' என்பதையும் குறித்தன. இதில் இரண்டு இடையூறுகள் தோன்றின. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் பின்னேயுள்ள விளக்கு வெள்ளையாகத் தெரியும்; அதாவது 'நில்' என்ற உத்தரவே 'செல்' என்று மாறிவிடும். மேலும் பட்டணங்களில் வீதி விளக்குகள் பெருகியதும், எந்த வெள்ளை ஒளி கைகாட்டியுடையது, எது கடைக்காரனுடையது என்று ஓட்டுபவனால் பகுத்தறிய முடியவில்லை. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை நீக்கப்பட்டு, பச்சை அதன் இடத்துக்கு உயர்ந்தது. ஊரில் வெளிச்சம் மிகும்போது வழிகாட்டும் வெளிச்சம் மங்கிப் போகும் என்னும் இந்நியாயத்தை நேயர்கள் மனத்தில் இருத்துவாராக, பின்னால் வேண்டியிருக்கும்.

சாலைக்கு இவ்விளக்கை முதலில் கொண்டுவந்தவரும் ஒரு புகைவண்டி எஞ்சினீயரே. ஜே. பி. நைட் என்பவர் 1868-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் பாராளுமன்றத்தின் அருகே, கரங்களும் எரிவாயு விளக்குகளும் கொண்ட ஒரு கம்பத்தை நாட்டினார். ஒரு போலீஸ்காரர் அடியில் நின்று அதைத் திருப்பவேண்டும். ஒரு மாதம் செல்லுமுன் வாயு கசிந்து அது வெடித்தது, போலீஸ்காரர் காயமுற்றார். அதன்பின் நெடுநாள் அவ்யோசனையை எடுப்பார் இல்லை. 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு வந்த பிறகே அது மீண்டும் உயிர் பெற்றது.

மின்சாரம் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் முதல் வரியிலேயே நிற்கிறது. 1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கிலுள்ள தம் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி இயந்திரம் ஒன்றை வாங்கி ஓட்டினர். பத்துமலைக் கோயிலைச் சொல்லும்போது தம்புசாமிப் பிள்ளையை நினைப்பவர் பலர். சுவிட்சைத் தட்டும்போது நினைப்பவர் ஒருவருமில்லை. அடுத்த ஆண்டு, 1895-இல், கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. இப்போதுள்ள மாடமாளிகை போன்ற பழைய நிலையக் கட்டிடம் அன்று இல்லை. அது 1910-இல் வந்தது. 1905-இல் கோம்பாக் ஆற்றின் நீர்வீழ்ச்சியிலிருந்து நகருக்கு மின்சாரம் வரலாயிற்று. 1920-களின் பிற்பகுதியில் பங்சாரில் அனல்மின் நிலையம் எழுந்தது. 1953-இல் கிள்ளானருகே கன்னாட் பாலத்து மின்நிலையம் திறக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த பின்னரும் பல தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. சில தோட்டங்களில் இரவு சில மணி நேரம் மட்டும் இயந்திரம் ஓடும், பிறகு இருள். கம்பி சென்ற வழியைப் படத்தில் கோடிட்டுப் பார்த்தால், அது சுரங்கத்தையும் நிலையத்தையும் துரைமார் பங்களாவையும் தொட்டு, தொழிலாளியின் குடியிருப்பை ஒதுக்கிச் சென்றது புலப்படும்.

சாலைப் பலகைகளுக்கு ஒரு பொது மொழி வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் வண்டியால் உண்டானது. 1909-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய அரசுகள் நான்கே நான்கு படங்களை ஒப்புக்கொண்டன: மேடுபள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, புகைவண்டிக் கடவை. பிறகு 1931, 1949, 1968 ஆகிய ஆண்டுகளில் மேலும் விரிவான உடன்படிக்கைகள் வந்தன. நம் நாட்டுப் பலகைகள் ஒரு கலப்புக் குடும்பம். மஞ்சள் நிறச் சாய்சதுரத்தில் கறுப்புப் படம் எழுதி எச்சரிப்பது அமெரிக்க வழக்கம், சிவப்பு வட்டத்தால் தடுப்பது ஐரோப்பிய வழக்கம், எழுத்து மலாய். நெடுஞ்சாலைப் பலகை பச்சை, மற்றச் சாலைப் பலகை நீலம். இவற்றில் நமக்கு மிகவும் பிடித்தது எண்கோணத்தில் அமைந்த 'பெர்ஹெந்தி' பலகை. எழுத்தறியாதவனும் அதன் வடிவத்தைக் கண்டே நிற்கலாம். பின்புறமிருந்து பார்த்தாலும், எதிர்ச் சாலைக்காரன் நிற்கவேண்டியவன் என்று தெரிந்துகொள்ளலாம். படித்தவனுக்கும் படியாதவனுக்கும் ஒரே உத்தரவை ஒரே நேரத்தில் தரும் சாதனம் உலகில் அதிகம் இல்லை.

எனினும் வடிவமும் படமும் இருளில் என்ன செய்யும்? இதற்கு மூன்று வழிகள் உண்டு. பலகையைப் பெட்டியாகச் செய்து உள்ளே விளக்கு வைப்பது ஒன்று. பலகையின் மேலோ கீழோ விளக்கை வைத்து அதன் மீது பாய்ச்சுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கம்பி வேண்டும், காசு வேண்டும், கெட்டால் பழுதுபார்க்க ஆள் வேண்டும். மூன்றாம் வழி, வருகிற வண்டியின் விளக்கையே கடன் வாங்கி அவ்வொளியை அவனுக்கே திருப்பிக் கொடுப்பது. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-இல் 'பூனைக் கண்' என்னும் பொருளுக்கு உரிமை பெற்றார். இரும்புக் கூட்டுக்குள் ரப்பர், ரப்பருக்குள் கண்ணாடி மணிகள். சக்கரம் ஏறி அழுத்தும்போது ரப்பரே மணிகளைத் துடைத்துவிடும். யுத்த காலத்தில் விளக்கணைப்பு உத்தரவு வந்தபோது அதன் அருமை நன்கு விளங்கிற்று. அந்த ரப்பர் எந்நாட்டு மரத்தின் பால், யார் வெட்டிய பால் என்று நாம் விசாரிக்க ஆசைப்படுவது தோட்டக்காரனின் சுபாவம், நேயர்கள் மன்னிப்பார்களாக. 1939-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வெளியே, நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த தாள் ஒட்டிய முதற் சாலைப் பலகை நின்றது. இன்று நம் சாலைகளில் இரவில் பளிச்சிடும் பலகைகளுட் பெரும்பாலானவை அத்தாளின் வம்சமே. அவற்றுள் விளக்கு இல்லை என்று சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இன்றும் உளர்.

விளக்கில்லாமலே ஒளிரும் பலகை கிடைத்துவிட்டதே, இனி விளக்குப் பலகை எதற்கு என்று சிக்கனக்காரர் கேட்பர். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. கம்பியில்லாப் பலகையை எந்தக் காட்டு வழியிலும் நாட்டலாம். மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. கேபிள் திருடன் அதனிடம் வரமாட்டான். ஆயினும் அந்தத் தாள் விளக்குள்ளவனுக்கே உதவும். ஒளி வந்த திசைக்கே திரும்பும் ஆதலால், விளக்குக்கு அருகே கண் உள்ள சிறு மோட்டார் ஓட்டிக்கு அதிகமும், மிக உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டிக்குக் குறைவுமாகவே அது தெரியும். விடியற்காலைப் பனி பலகை மீது படிந்தால் ஒளி சிதறும். நம் லாரிகள் செம்பனைக் குலை ஏற்றிப் புறப்படுவது அந்நேரத்திலேதான். விளக்கில்லாத சைக்கிள்காரனுக்கும், சிலிப்பர் போட்டு நடந்து செல்லும் பெண்ணுக்கும் அப்பலகை வெறும் கறுப்புத் தகரம். ஆகவே வேகமாக மோட்டார் ஓடும் நெடுஞ்சாலையில் தாள் போதும். மனிதர் நடக்கும் கடவையிலும் சந்தியிலும் தாமே எரியும் விளக்கு வேண்டும் என்பது நம் துணிபு. இப்பொழுது சூரிய ஒளியால் மின்கலத்தை நிரப்பி இரவில் கண் சிமிட்டும் சிறு விளக்குகள் வந்துவிட்டமையால், கம்பி இல்லை என்ற சாக்கும் செல்லாது.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் பெடரல் நெடுஞ்சாலையில், 1970-களில், மோட்டார்சைக்கிளுக்கென்றே தனிப் பாதை அமைத்தனர். இந்நாட்டில் அது முதன்மையானது. ஏழைத் தொழிலாளியின் வாகனத்துக்கு இங்ஙனம் ஒரு மரியாதை கிடைத்தது அபூர்வம். ஆனால் அப்பாதையில் சாலைக்கடியே புகுந்து செல்லும் குகைவழிகள் உண்டு. அங்கே விளக்கு எரியாத நாள்களில் விழுந்தவரும், பணம் பறிகொடுத்தவரும் பலர். மலேசியச் சாலைகளில் 2019-ஆம் ஆண்டில் மாண்டவர் 6,167 பேர். இவ்வாறு மாள்பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார்சைக்கிளில் சென்றவர். 1992-இல் ஒரு சட்டம் வந்தது: மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும். பலர் சிரித்தனர், சூரியனுக்கு விளக்குப் பிடிப்பதா என்றனர். ஷா ஆலத்திலும் சிரம்பானிலும் ஆராய்ந்த அறிஞர்கள், பிறர் கண்ணில் படாமையால் நேரும் விபத்துக்கள் அதனால் சுமார் 29 விழுக்காடு குறைந்தன என்று கண்டனர். நூறு விபத்துக்கு இருபத்தொன்பது குடும்பங்கள் துயரத்திலிருந்து தப்பின என்று இதனை வாசிக்க வேண்டும். அங்கே பலகை எதுவும் நாட்டப்படவில்லை. ஓட்டுபவனே ஒரு விளக்குக் குறியானான்.

இவ்விடத்தில் பேய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தோட்டத்துச் சாலைகளில் அடிக்கடி விபத்து நேரும் வளைவு ஒன்று இருக்குமானால், அங்கே ஏதோ ஒன்று 'அடிக்கிறது' என்று சொல்லி, ஒரு முனீஸ்வரர் மேடையை எழுப்பி விளக்கேற்றுவது நம்மவர் வழக்கம். நாம் இதைப் பரிகசிக்க வரவில்லை. உற்று நோக்கினால், அம்மேடையின் சிவப்புத் துணியும் இரவெல்லாம் எரியும் விளக்கும் ஓட்டுபவனைத் தயங்கச் செய்து வேகத்தைக் குறைப்பிக்கின்றன. அரசாங்கம் நாட்டாத எச்சரிக்கைப் பலகையை ஏழைகள் தம் செலவில் நாட்டியிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். ஆனால் பலகை செய்யும் வேலையைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்ட பிறகு, வளைவைச் சீர்திருத்தும்படி அதிகாரிகளிடம் கேட்பார் இல்லாமற் போகின்றனர். கோழி கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் நேராது என்று உறங்கிவிடுகிறோம். சாலையின் சாய்வைத் தவறாக வெட்டிய எஞ்சினீயரின் குற்றம் பேயின் தலையில் விழுகிறது.

நகருக்குள் குறை நேர்மாறானது. அங்கே இருள் இல்லை; வெளிச்சம் மிகுதி. பழைய புகைவண்டிக்காரர் வெள்ளை விளக்கைக் கைவிட்ட கதையை முன்னர்ச் சொன்னோம் அல்லவா? பெடரல் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இன்று நிற்கும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். வீட்டுச் சுவர் அளவுள்ள மின்திரையில் சோப்பும் கைத்தொலைபேசியும் நொடிக்கு நொடி நிறம் மாறி ஆடுகின்றன. அவற்றினிடையே 'வலப்புறம் ஒடுங்குகிறது' என்னும் பலகை நாணிக் குறுகி நிற்கிறது. விற்பவனின் விளக்குக்குச் செலவிட ஆள் உண்டு.

விளக்குப் பலகையால் உயிர் காக்கப்படும் இடம் நகரில் ஒன்றைச் சொல்லலாம். 2007-இல் திறக்கப்பட்ட 'ஸ்மார்ட்' சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளக் கால்வாய். அதில் சுமார் 4 கிலோமீட்டர் மோட்டார் சாலையும் ஆகும். பெருமழையில் வண்டிகளை வெளியேற்றி, கதவை அடைத்து, சாலைக்குள்ளேயே வெள்ளத்தை விடுவர். இரும்புத் தகட்டில் எழுதிய பலகை ஒன்றையே எந்நாளும் சொல்லும். 'இன்று இவ்வழி இல்லை' என்று அதனால் சொல்ல இயலாது. எழுத்து மாறும் மின்பலகை அங்கே ஆடம்பரமன்று.

பிரிக்பீல்ட்ஸுக்கு மீண்டும் செல்வோம். முன்னாளில் பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்றிருந்து, இப்பொழுது துன் சம்பந்தன் பெயரால் வழங்கும் வீதியில், 2010-இல் இந்திய நாட்டுப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் வந்து 'லிட்டில் இந்தியா' வளைவுகளைத் திறந்துவைத்தனர். வண்ண விளக்குக்கு அங்கே குறைவில்லை. அதே ஊரிலேதான் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கையில் வெள்ளைக் கோலுடன் அவ்வீதிகளைக் கடப்போர் நாள்தோறும் பலர். நாம் இதுவரை புகழ்ந்த விளக்குகள் யாவும் அவர்களுக்கு எதற்கு? நடைபாதையில் மேடிட்ட மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள்; காலால் தடவி அவர்கள் வழியறிவர். அந்த ஓட்டின் மீதே மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, வளைவின் விளக்கழகை நின்று பார்க்கிறார் கண்ணுள்ளவர். கடவையில் பச்சை எரியும்போது கூடவே ஓசையும் எழவேண்டும், அந்த ஓசைக்கருவி பழுதானால் விளக்குப் பழுதானதைப் போலவே அன்றே சரிசெய்யப்பட வேண்டும் என்று கேட்பது தருமம் கேட்பதாகாது.

நம் தோட்டத்து விஷயத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறோம். கிள்ளானுக்கு அப்பால், செம்மண் பாதை தார்ச்சாலையில் சேரும் முச்சந்தி அது. இருபுறமும் செம்பனை, சாலை சிறிது வளைவதால் வரும் வண்டி கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நம் லாரிகள் வெளியேறும் அதே வேளையில், ஆலை வேலைக்குச் செல்லும் பெண்கள் பத்துப் பன்னிருவர் பஸ்ஸுக்காக அங்கே நிற்பர். ஒரு விளக்குக் கம்பமும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் வேண்டி, சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்கு ஆங்கிலத்திலும் மலாயிலுமாக மூன்று கடிதங்கள் தட்டச்சு செய்து அனுப்பினோம். அவ்வழியே செல்லும் வாகனங்களின் தொகை போதாது என்று ஒரு பதில் வந்தது. நிற்பவர்களின் தொகையை அவர்கள் கேட்கவில்லை. பிறகு லயத்து இளைஞர் சிலர், வெறும் பெயிண்ட் தகரங்கள் ஆறில் சிமெண்டை நிரப்பி, கம்பு நட்டு, பழைய லாரியிலிருந்து உரித்த ஒளித் தாளை வரிவரியாய் ஒட்டி, சந்தியின் இருபக்கமும் வைத்தனர். ஒவ்வொரு சம்பள நாளன்றும் யாராவது ஒருவர் ஈரத் துணியால் அவற்றைத் துடைக்கிறார். ஆலை பஸ் டிரைவர் இப்பொழுது பெண்களைத் தேடுவதில்லை; அத்தகரங்களைத் தூரத்திலேயே கண்டு வண்டியை ஒதுக்கி நிறுத்துகிறார். நான்காம் கடிதம் சென்ற வாரம் தபாலில் சேர்க்கப்பட்டது.